எருமை திருகிவிட்டுப் போன குமிழ்

ஒரு காட்டில் ஒரு மான் இருந்தது. மேய்ந்துகொண்டு சும்மா இருந்திருக்கலாம், இருக்கவில்லை. சிங்காரி என்ற அந்த மான் ஆலமரத்தடியில் ஒரு விளையாட்டுக் கடை போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டினால் கண் முன்னே இன்னொரு காடு விரியும். அதிர்வுச் சட்டையைப் போட்டுக்கொண்டால் அந்தக் காட்டில் யார் தொட்டாலும் இந்த உடம்பில் உறைக்கும். அங்கே மழை பெய்தால் இங்கே முதுகில் பொட்டுப் பொட்டென்று விழும், பொய்யில்லை.

விளையாட்டுக்குள் ஓடும் மானுக்கு அசைவு கொடுத்தது சிங்காரியின் அத்தை வடிவு. அத்தையின் உடம்பெல்லாம் பளபளக்கும் மணிகளை ஒட்டி, ஓடச் சொல்லி, உதைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் கேமராவில் பிடித்து வைத்திருந்தார்கள். உதைப்பதில் அத்தை கெட்டிக்காரி. மாமாவைக் கேட்டால் சொல்வார்.

அன்று காலை முதல் ஆளாக எருமை வந்தது.

"என்ன தங்கச்சி, மான் உதைக்குது, ஒண்ணுமே தெரியலையே! ஈ உட்கார்ந்தாக்கூட இதைவிட உறைக்குமே."

"சட்டையில குமிழ் இருக்கு பாருங்கண்ணே, வேணுங்கற அளவு திருகிக்கங்க."

எருமை கடைசி வரை திருகியது. "ஆகா, யாரோ முதுகு சொறிஞ்சு விடற மாதிரி இருக்கே!" என்று சொக்கிப்போய் ஆடிவிட்டுக் கிளம்பியது.

ஒவ்வொருவர் போன பிறகும் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். சிங்காரி, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தழை மெல்ல உட்கார்ந்துவிட்டது. சோம்பேறிக் கழுதை என்று திட்டலாம்தான், ஆனால் அது மான்.

அந்த நேரம் பார்த்துப் புலி வந்து நின்றது. சிங்காரிக்குத் தழை தொண்டையிலேயே சிக்கிக்கொண்டது.

"பதறாதே பொண்ணு, உடனே சாப்பிட மாட்டேன். இங்கே மான் வேட்டை விளையாட்டு இருக்காமே? ஒரு ஆட்டம் ஆடினா நல்லாப் பசிக்கும். அதுக்கப்புறம் உன்னைச் சாப்பிடறேன். சட்டையை மாட்டி விடு."

ஓடினால் இரண்டே தாவலில் பிடித்துவிடும். பாவம், சிங்காரி அழுதுகொண்டே சட்டையையும் கண்ணாடியையும் மாட்டிவிட்டது.

புலி பாய்ந்தது, வெறுங்காற்றில்தான். கண்ணாடிக்குள் இருந்த மான் சட்டென்று திரும்பிப் பின்னங்காலைத் தூக்கி, மாமாவுக்குப் பழக்கமான அந்த உதையை விட்டது. எருமைத் தோலுக்கு வைத்த அளவு!

"ஐயோ அம்மா!" புலி உருண்டுபோய் ஆலமரத்தில் முட்டியது. எழுந்தால் இன்னொரு உதை. "விடும்மா, தெரியாம வந்துட்டேன், விட்டுடும்மா!"

கண்ணாடியைப் பிடுங்கி எறிந்தது. பார்த்தால், எதிரே இன்னொரு மான். புலி முன்னங்கால் இரண்டையும் கூப்பிவிட்டது.

"தாயே, நீங்க எந்த லெவலு?"

சிங்காரிக்கு வாய் மட்டும் எப்படியோ வேலை செய்தது.

"நீங்க இப்ப பார்த்தது முதல் லெவலுங்க. நான்தான் கடைசி."

புலி சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அடுத்த காட்டில் போய்த்தான் மூச்சு விட்டதாம்.

நீதி: எடுத்ததை எடுத்த இடத்தில், இருந்ததை இருந்தபடி வைக்கும் பொறுப்பான பிள்ளைகளைப் புலி தின்றுவிடும்.