மேலண்ணத்தில் ஒரு மேடு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நலம் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். முதல் சொல்லிலேயே பொய் எழுதக் கை கூசியது. அதனால் அங்கே நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சௌக்கியமா என்பதை, இதைப் படித்துவிட்டு நீதான் எனக்குத் தெரிவிக்க வேண்டும். நம் குடும்பத்தில் டாக்டர் என்று இருப்பவன் நீ ஒருவன். மாட்டு டாக்டர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாட்டுக்கும் வாய் இருக்கிறது, வாய்க்குள் மேலண்ணம் இருக்கிறது, அங்கெல்லாம் உன் கை முழங்கை வரை போய் வந்திருக்கிறது. எனக்கு அது போதும்.

விஷயம் இதுதான். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை காலை அவசரமாகத் தின்ற ரொட்டியின் காய்ந்த ஓரம் மேலண்ணத்தைக் கீறிவிட்டது. காயம் பெரிதா என்று பார்த்து வர நாக்கை அனுப்பினேன். போன நாக்கு காயத்தை விட்டுவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தது. மேலண்ணத்தின் நட்டநடுவில் ஒரு மேடு. முதலில் பாதிப் பட்டாணி அளவு என்று தோன்றியது. பஸ்ஸில் ஏறும்போது முழுப் பட்டாணி. கம்பெனி வாசலில் இறங்கும்போது கோலிக்குண்டு. கல் மாதிரி கெட்டி. அசையவில்லை, வலிக்கவும் இல்லை. வலித்தாலாவது வலிக்கிறது என்று யாரிடமாவது போய்ச் சொல்லலாம். முப்பத்தொரு வருஷமாக நாளைக்கு இருநூறு கோப்பைத் தேநீரை இந்த வாய்க்குள் உறிஞ்சிச் சுழற்றித் துப்பி, அதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். இலையைப் பறித்தது மழைக்கு முன்பா பின்பா என்று சொல்லிவிடும் நாக்கு, தன் தலைக்கு நேர் மேலே ஒரு மேடு எழும்பியதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூடவே இருந்து ஒளித்துவிட்டதே என்று எனக்கு அதன் மேல் கோபம்கூட வந்தது.

சாயங்காலம் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். தலையை அண்ணாந்தால் மேலண்ணம் கண்ணாடிக்கு நேராக வருகிறது, ஆனால் கண் கூரைக்குப் போய்விடுகிறது. கண்ணைக் கீழே இறக்கினால் தலையும் கூடவே இறங்கிவிடுகிறது. உன் அண்ணியின் கைக்கண்ணாடி ஒரு கையில், டார்ச் ஒரு கையில், நாக்கை அழுத்திப் பிடிக்க ஒரு ஸ்பூன் என்று ஏற்பாடு செய்ததில் மூன்றாவது கை இல்லாமல் டார்ச் வாளிக்குள் விழுந்தது. "உள்ள யார்கிட்டங்க பேசறீங்க?" என்று வெளியிலிருந்து அண்ணி கேட்டாள். வாயில் ஸ்பூனோடு "யார்கிட்டயும் இல்ல" என்றேன். அது அவளுக்கு என்னவாகக் கேட்டதோ, "சரி, அவரையும் சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிறகு போனில் படம் எடுத்தேன். பதினாலு படம். பதினொன்றில் மூக்குத் துவாரம், இரண்டில் கட்டைவிரல், ஒன்றுதான் தேறியது. அதை உனக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேர் இருக்கும் கம்பெனிக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அழிக்கும் இடத்தைத் தேடுவதற்குள், 'எந்தக் குகை சார், டூர் போயிருந்தீங்களா' என்று ஸ்டோர் கீப்பர் கேட்டுவிட்டார். மேனேஜர் ஒரு பூங்கொத்துப் படம் போட்டார். இந்த விஷயத்தில் இனி போனைத் தொடுவதில்லை என்று தீர்மானித்துத்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

படம் என்னவென்று சரியாகக் கண்டுபிடித்தவர் பேக்கிங் சூப்பர்வைசர் ஒருவர்தான். மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வாய்தானே சார் அது?"

ஆமாம் என்றேன்.

"எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு. இதே இடம். இதே மாதிரி வலியே இல்ல."

"அப்புறம்?"

அவர் தட்டிலிருந்த கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினார். "நல்ல மனுஷன் சார்," என்றார். "விடுங்க, நீங்க சாப்பிடுங்க."

நான் எங்கே சாப்பிடுவது. 'நல்ல மனுஷன்' என்ற வாக்கியத்தில் வினைச்சொல் இல்லை, கவனித்தாயா. இருக்கிறார் என்று முடிப்பதா, இருந்தார் என்று முடிப்பதா என்ற யோசனையிலேயே பிற்பகல் போயிற்று. வெள்ளைக் கோப்பைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன, நான் ஸ்பூனும் கையுமாக நிற்கிறேன், நாக்கு தேநீரைப் பார்க்காமல் மேட்டைப் பார்க்கப் போய்விடுகிறது. கடைசியில் ஏழாம் எண் கோப்பையை 'நல்ல உயிர்ப்பு' என்று எழுதி, மறந்துபோய் அதையே மறுபடி உறிஞ்சி 'சுத்த வைக்கோல்' என்றும் எழுதிவிட்டேன். மேனேஜர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். கேட்டதோடு நிற்காமல் என் நெற்றியில் கை வைத்தும் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் முறை. அதில் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே பல் டாக்டரிடம் போனேன். போனேன் என்றால், அந்தக் கட்டடம் வரை போனேன். இரண்டாவது மாடியில் கதவைத் தொடும்போது உள்ளே மெஷின் ஊளையிட்டது, கூடவே ஒரு மனுஷனும். கால் தானாக அடுத்த படியில் ஏறிவிட்டது. மூன்றாவது மாடியில் காதுப் பரிசோதனை நிலையம். அங்கிருந்த பெண், "டெஸ்ட் உங்களுக்குத்தானே சார், எந்தக் காது?" என்றாள். வாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பழக்கதோஷத்தில் "இடது" என்று வந்துவிட்டது.

இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு இடது காது நன்றாகவே கேட்கும். கல்யாணமான புதிதில் ஜலதோஷம் பிடித்து ஒரு வாரம் அந்தக் காது அடைத்திருந்தது. அந்த ஒரு வாரம் வீட்டில் இருந்த அமைதியில், அடைப்பு நீங்கியதைச் சொல்லாமல் இருந்துவிட்டேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. நீயும் என்மேல் பரிதாபப்பட்டு எப்போதும் வலப் பக்கமாகவே வந்து உட்காருவாய். அதற்காக என்னை மன்னித்துவிடு.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினேன். "ரெண்டு காதும் இருபது வயசுக் காது மாதிரி இருக்கு சார். கேக்கலைன்னு யார் சொன்னா?" என்று கேட்டாள் அந்தப் பெண். நான்தான் சொன்னேன் என்றேன். ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அதைச் சட்டைப் பையில் வைத்தேன். சட்டையைத் துவைக்கப் போட்டேன். இவ்வளவு புத்திசாலி உன் அண்ணன்.

இன்று சாயங்காலம் அண்ணி அந்தக் காகிதத்தோடு வந்து என் இடப் பக்கம் நின்று, தாழ்ந்த குரலில், "மூணாவது மாடிக்கு எதுக்குப் போனீங்க?" என்றாள். வழக்கப்படி நான் திரும்பவில்லை. காகிதம் மூக்குக்கு எதிரே வந்தது. வேறு வழியின்றிக் காது, வாய், சூப்பர்வைசரின் சித்தப்பா என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காதைப் பற்றி அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"தெரியும்," என்றாள்.

"எப்பலேருந்து?"

"முதல் வருஷத்துலேருந்தே. தூக்கத்துல அந்தக் காதுகிட்ட வந்த கொசுவை எப்படி அடிச்சீங்க? உங்க முகத்தப் பாத்துச் சொல்ல முடியாததையெல்லாம் அந்தப் பக்கமா வந்து சொல்லிக்கிட்டேன். கேக்கும், ஆனா பதில் சொல்ல முடியாது. எனக்கும் அது வசதியாத்தான் இருந்துச்சு."

தம்பி, அந்தக் காதில் வந்தது எல்லாம் வசவு என்று நினைக்காதே. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன அன்று, "இனிமே எனக்கு நீங்க மட்டும்தான்" என்று அவள் சொன்னதும் அந்தக் காதில்தான். நான் கேட்காத மாதிரி பேப்பரைப் புரட்டினேன். அப்படியானால் இத்தனை வருஷமாக நான் அவளை ஏமாற்றினேனா, அவள் என்னை ஏமாற்றினாளா? எனக்கு இப்போது எதுவும் விளங்கவில்லை.

பிறகு, "வாயைத் திறங்க" என்றாள். சுட்டுவிரலை உள்ளே விட்டு அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வெகு நேரம் கழித்து, "நாளைக்கு லீவு போடுங்க. நானே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். அவள் இப்போது அடுக்களையில் இருக்கிறாள். பாத்திரச் சத்தம்கூட இல்லை.

ஆகையால் உடனே எனக்குச் சொல்: மாடுகளுக்கு இப்படி வருமா, வந்தால் என்ன செய்வாய்? ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவாய் என்றால் அதை மட்டும் எழுதாதே. இது நாளைக்குள் உன் கைக்கு வராது என்பது தெரிந்தும், நாளைக்குள் பதில் வேண்டும் என்று ஏன் கேட்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, நல்ல பல்லும் நல்ல புத்தியுமாக இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து, பல் டாக்டரையும் பார்த்தாகிவிட்டது. அண்ணி என் மணிக்கட்டைக் கடைசிப் படி வரை விடவில்லை. டாக்டரம்மா சின்னக் கண்ணாடியின் காம்பால் மேட்டைத் தட்டினார், எக்ஸ்ரே எடுத்தார், சிரித்தார். "இது கட்டியே இல்ல சார். உங்க எலும்புதான் அப்படி வளர்ந்திருக்கு. சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும். ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார். வாசலுக்கு வந்ததும் அண்ணி படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். நான் எதிர்ப் படியில் உட்கார்ந்து சிரித்தேன். இரண்டும் ஏன் என்று இருவருக்கும் தெரியவில்லை. எனவே மேலே கேட்ட எதற்கும் பதில் வேண்டாம். காது விஷயத்தை யாரிடமும் சொல்லாதே. அது பழையபடியே இருக்கட்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டுவிட்டோம். ஒன்றே ஒன்று. இது குடும்பத்தில் வழிவழியாக வரக்கூடியதாம், கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம். இந்த வரிக்கு வருவதற்குள் உன் நாக்கு மேலே போயிருக்கும், எனக்குத் தெரியும். பதறாதே. இருக்கிறதா இல்லையா என்று மட்டும் ஒரு வரி எழுது.