எங்களுக்கு ஆறாம் மாசம்

சுகாதார நிலையத்துச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கொசுவில் எத்தனை வகை, எது சும்மா கடித்துவிட்டுப் போகும், எது மலேரியாவைக் கொடுத்துவிட்டுப் போகும், எது பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்காரும் என்று கலர் கலராகப் போட்டிருக்கும். எல்லாம் சரி, காதோரம் வந்து ரீங்காரம் போடுகிற இன்னொரு உயிரை அதில் சேர்க்க மறந்துவிட்டார்கள். அதற்கு இரண்டே கால். இறக்கை கிடையாது. ஆனாலும் பக்கத்தில் யாரையாவது யாராவது கேள்வி கேட்டால் போதும், பறந்து வந்து பதில் சொல்லிவிடும். கேட்டது தன்னை அல்ல என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே அல்ல.

பதில்காரர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குத் தெரிந்த பதில்காரர் யாராவது உண்டா? இப்போதே சொல்ல வேண்டாம். கடைசிவரை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள்.

இந்த இனத்தில் முற்றி விளைந்த ஒன்றைக் காட்ட வேண்டுமானால் நம் கண்டக்டரைத்தான் காட்ட வேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கி ஆறு வருஷமாகிறது, விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. வேலையில் இருந்த முப்பது வருஷமும் பயணி வாயைத் திறப்பதற்குள் டிக்கெட்டைக் கிழித்துக் கையில் திணித்துவிடுவார். "ஆஸ்பத்திரிதானே? மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதே." கல்யாணத்துக்குப் புதுச்சட்டை போட்டுக் கிளம்பிய ஒரு மனிதர், இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே என்று ஆஸ்பத்திரியில் இறங்கி, வரிசையில் நின்று, ஊசியும் போட்டுக்கொண்டு வீடு திரும்பினாராம்.

இது அவருக்கு ரத்தத்தில் வந்தது. அவர் அம்மாவைப் பெற்ற தாத்தா ஒருவர் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தம் நாயைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூட இவர் இங்கிருந்து "இதோ" என்று குரல் கொடுப்பார். அந்தத் தாத்தாவின் தங்கை, கண்டக்டரின் அம்மாவுக்கு அத்தை, தூக்கத்திலும் தலையாட்டுவாள். அப்படிப்பட்ட வம்சம். கண்டக்டரின் மனைவி தனக்குப் பசிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லி முப்பது வருஷம் ஆகிவிட்டது. "அவளுக்கு இப்ப பசிக்காது" என்று அவர்தான் முந்திக்கொள்வாரே! லாரி ஓட்டுகிற மகனிடம் பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்டபோதும் "எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றவர் இவர்தான். நல்ல வேளை, மகனுக்கும் பிடித்திருந்தது.

அந்த மருமகள் சட்டை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்கிறவள். ஒரு நாளைக்கு முந்நூறு காலர் வைப்பாள், மூன்று வார்த்தை பேசமாட்டாள். எங்கே பேசுவது? அவளுக்கு வர வேண்டிய கேள்விகள் எல்லாம் வழியிலேயே காலியாகிவிடுமே.

அவளுக்கு வயிற்றில் ஆறாம் மாசம். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு மலேரியாத் தடுப்பூசி போட்டால் பாதுகாப்பா என்று பார்க்கிற பரிசோதனை ஒன்று சுகாதார நிலையத்தில் ஆரம்பித்திருந்தது. சேர விருப்பமுள்ளவர்கள் வந்து விவரம் கேட்கலாம் என்றார்கள். மருமகள் கிளம்பினாள். நிழல் மாதிரி கண்டக்டரும் கிளம்பினார்.

சின்ன அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு ஜன்னல், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு நர்ஸ்.

"எத்தனை மாசம்மா?"

"எங்களுக்கு ஆறாம் மாசம்," என்றார் கண்டக்டர்.

நர்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவருடைய வயிற்றைப் பார்த்தாள். நம்பலாம்போலத்தான் இருந்தது.

"வாந்தி இருக்காம்மா?"

"காலையில கொஞ்சம். இப்பப் பரவாயில்ல."

"அதுவும் உங்களுக்குத்தானா ஐயா?"

"வீட்டுல யாருக்கு வந்தா என்னம்மா, எல்லாம் ஒண்ணுதானே!"

நர்ஸ் பெருமூச்சு விட்டுவிட்டு விவரத்தைச் சொன்னாள். தடுப்பூசி மற்றவர்களுக்கு ஏற்கெனவே போட்டுப் பார்த்ததுதான். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு ஆகுமா ஆகாதா என்பது மட்டும் தெரியாது. ஏன் தெரியாது? படித்த பெரிய மனிதர்கள் கூடிய அறைகளில் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் பேச்சு எடுக்கப்பட்டபோதெல்லாம், அவர்களை ஒரு வார்த்தை கேட்காமலே, "அவங்களுக்கு வேண்டாம், பாவம்" என்று யாராவது சொல்லி முடித்துவிட்டார்கள். பதில்காரர்கள் பஸ்ஸில் மட்டும்தான் இருப்பார்கள் என்று நினைத்தீர்களா? கொசுவுக்கு மட்டும் அந்தப் பாவ புண்ணியம் தெரியவில்லை. அது தேடித் தேடி அவர்களையே கடித்துக்கொண்டிருந்தது.

விவரம் முடிந்ததும் பரீட்சை. புரிந்ததா என்று பார்க்க ஐந்து கேள்வி. சேர்கிறவள் தன் வாயால் பதில் சொன்னால்தான் கையெழுத்து வாங்குவார்கள்.

"உனக்குப் போடப்போறது மருந்தா, வெறும் உப்புத் தண்ணியா? யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றார் கண்டக்டர். "மருந்துதான். நம்மள மாதிரி ஆளுங்களுக்குப் போய்த் தண்ணியப் போடுவாங்களா?"

"ஐயா, எனக்கே தெரியாது. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்குத் தண்ணி. யாருக்கு எதுன்னு எல்லாம் முடியுறவரைக்கும் எங்க யாருக்கும் தெரியக் கூடாது. அதுதான் முறை."

கண்டக்டர் மேசைமேல் குனிந்தார். தெரியாது என்பதையே சட்டமாக வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு கட்டடமும் கட்டி, சம்பளமும் கொடுத்து நடத்துகிறார்கள் என்றால், இந்த உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது?

"யாருக்குமே தெரியாம ஊசி போடுறீங்களா? அப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

நர்ஸ் எழுந்து அவரை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"நடுவில வேண்டாம்னு தோணினா நீ நின்னுக்கலாமாம்மா?"

"அதெல்லாம் நிக்க மாட்டோம்!" என்றது ஜன்னல்.

நர்ஸ் ஜன்னலையும் சாத்தினாள். கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அங்கேயிருந்து வந்தது: "கேள்வியத் திருப்பிக் கேக்கச் சொல்லும்மா, சரியா விழல!"

நர்ஸ் ஒரு துணியைச் சுருட்டி அந்த இடைவெளியையும் அடைத்தாள். பிறகுதான் மருமகளின் குரல் அந்த அறையில் கேட்டது. எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம் என்றாள். கொசுவலையை விடக்கூடாது என்றாள். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே வர வேண்டும் என்றாள். ஒன்றும் தப்பில்லை.

"கடைசிக் கேள்வி காகிதத்துல இல்ல, நானே கேக்குறேன். ஏன்மா சேரணும்னு தோணுச்சு?"

மருமகள் விரல் நுனியைத் தடவிக்கொண்டே சொன்னாள். "போன தடவை அஞ்சாம் மாசத்துல காய்ச்சல் வந்துச்சு. எத்தனை நாளா இருக்குன்னு அந்த டாக்டர் என்னையத்தான் கேட்டாரு. மாமா நேத்துத்தான்னு சொல்லிட்டாரு. அஞ்சு நாளா இருந்துச்சு. ரத்தம் பார்க்காமலே மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. மலேரியான்னு தெரியறதுக்குள்ள பிள்ளை தங்கல."

நர்ஸ் எதையும் எழுதவில்லை. கண்டக்டர் காதில் இது விழுந்திருக்குமா என்றால், இல்லை. அவர் அதற்குள் வெளித் தாழ்வாரத்துக்குப் போய், பெஞ்சியில் உட்கார்ந்திருந்த ஒருத்தியின் வயசை இன்னொருத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் கண்டக்டர், வரிசையில் இருந்த ஒன்பது பெண்களின் முகத்தையும் பார்த்து, "உனக்கு மருந்து, உனக்குத் தண்ணி, உனக்கு மருந்து" என்று டிக்கெட் கிழிப்பதுபோலக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது மருமகளிடம் ஓர் அட்டை கொடுத்தார்கள். ஏழு நாளுக்கு ஏழு வரிசை. காய்ச்சல் எவ்வளவு, கை வலிக்கிறதா, வீக்கம் உண்டா, வேறு ஏதாவது உண்டா என்று கட்டம் கட்டமாக இருந்தது. முதல் நாள் "கை லேசா வலி" என்று எழுதினாள். இரண்டாம் நாள் "இல்லை". மூன்றாம் நாள் காலையில் "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதிவிட்டு, கடைசிக் கட்டத்தைச் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று காலியாக விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

காலியாக ஒரு கட்டம்! வேறு ஏதாவது உண்டா என்று ஒருவர் மரியாதையாகக் கேட்டிருக்க, பதில் இல்லாமல் ஒரு கட்டம் வாயைப் பிளந்து கிடக்கிறது. கண்டக்டர் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போனார். மூன்றாவது தடவை உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு பெரிய ஆராய்ச்சி, நம் வீட்டிலிருந்து ஒன்றும் போகவில்லை என்றால் நம்மை யார் மதிப்பார்கள்? மருமகளிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. சரி, தம்மிடம் இருப்பதைக் கொடுப்போம். வலது முட்டி வீக்கம் என்று எழுதினார். ஏப்பம் என்று எழுதினார். தலைசுற்றல். படியேறும்போது கண் இருட்டுகிறது. கட்டம் போதாமல் அட்டையின் ஓரத்தில், ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கிறது என்றும் சேர்த்தார்.

மத்தியானம் நர்ஸ் மருமகளுக்குப் போன் செய்தாள். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, அது வீட்டில்தான் கிடந்தது. கண்டக்டர் எடுத்து, அட்டையை மேலிருந்து கீழ்வரை கணீரென்று படித்துக் காட்டினார்.

கால் மணி நேரம்தான். ஆம்புலன்ஸ் வந்து வாசலில் நின்றது. டாக்டரம்மா ஒரு காலில் செருப்பு, ஒரு காலில் இல்லாமல் குதித்தாள்.

"எங்க அவங்க?"

"வேலைக்குப் போயிருக்கா."

"இந்த முட்டி வீக்கத்தோடயா?"

"அது என்னுது."

"தலைசுற்றல்?"

"அதுவும் என்னுதுதான். ஏப்பமும் நம்மளதுதான்," என்றார், வந்த விருந்தாளிக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல.

ஆள் அனுப்பினார்கள். மருமகள் தோளில் நூலும் வாயில் மூச்சுமாக ஓடி வந்தாள். டாக்டரம்மா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. அட்டையில் எழுதியதை ஒற்றைக் கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். "இன்னொரு தடவை இவங்க எழுதாத பதில் இந்த அட்டையில இருந்தா, இவங்களுக்கு ரெண்டாவது ஊசி கிடையாது. பரிசோதனையிலயிருந்தே எடுத்துருவோம். நீங்க எழுதுற முட்டி வீக்கம், நாளைக்கு எத்தனையோ வயித்துப்பிள்ளைக்காரிங்களை பயமுறுத்தும், தெரியுமா?"

மருமகள் அட்டையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள். கண்டக்டர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், திறந்த வாயோடு சுவரைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா அவர் கையில் பட்டியைச் சுற்றிப் பிரஷர் பார்த்தாள். மெஷின் கீ கீ என்று கத்தியது.

"ஐயா, கண் இருட்டுறது உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?"

"நேத்துத்தான்!" என்றாள் அவர் மனைவி, கதவோரம் நின்றபடி. முப்பது வருஷத்தில் அவள் முந்திக்கொண்ட முதல் பதில்.

"பத்து நாளாச்சு!" என்று கத்தினார் கண்டக்டர். "என்னையத்தானே கேட்டாங்க, நீ ஏன் சொல்ற? அவங்க பாட்டுக்கு மாத்திரைய மாத்திக் குடுத்துட்டா என் கதி என்ன ஆகுறது?"

"எனக்கு அஞ்சு நாள், மாமா," என்றாள் மருமகள் மெதுவாக.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மாமியார் தலையைக் குனிந்துகொண்டாள். கண்டக்டர் மருமகளைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், கையில் சுற்றியிருந்த பட்டியைப் பார்த்தார். தாத்தா காலத்திலிருந்து வற்றாமல் ஓடிய ஊற்று, அன்றைக்கு ஒரு சொட்டு சுரக்கவில்லை. மருமகளைக் கூட்டிப்போக வந்த ஆம்புலன்ஸில் மாமனார் படுத்துக்கொண்டு போனார்.

அடுத்த மாசம் இரண்டாவது ஊசிக்கும், அதற்குப் பிறகு நடந்த சோதனைகளுக்கும் கண்டக்டர் கூடவே வந்தார். ஆனால் பழைய விசிலைப் பல்லுக்கு நடுவே கவ்விக்கொண்டு வந்தார். அவரே கண்டுபிடித்த வைத்தியம் அது. "காய்ச்சல் இருந்துச்சாம்மா?" என்று நர்ஸ் கேட்டால் "ப்பீ". "வலை கட்டிப் படுக்குறியா?" "ப்பீ ப்பீ". அந்தச் சத்தம் அடங்கும்வரை நர்ஸ் காத்திருப்பாள். பிறகு மருமகள் பதில் சொல்வாள். சில நாள் ஒரு மணி நேரம்கூடப் பேசினாள், காலரைப் பற்றியெல்லாம் பேசினாள்.

குறித்த நாளிலேயே பெண் குழந்தை பிறந்தது. மூன்று கிலோ. பிறந்ததும் போட்ட கூச்சலைக் கேட்டு, யார் வீட்டுக் குழந்தை என்று எவரும் கேட்கவில்லை. தெருவில் ஒருத்தர், "உன் மருமகளுக்குப் போட்டது மருந்தா, தண்ணியா?" என்று கண்டக்டரை மடக்கினார். கண்டக்டர் விசிலை எடுத்தார், சட்டையில் துடைத்தார்.

"அவளைக் கேளு."

அவளைக் கேட்டார்கள். "தெரியாது" என்றாள். யாருக்கு எது என்ற காகிதம் இன்னும் பூட்டிய பெட்டியில்தான் இருக்கிறது.

சரி, ஆரம்பத்தில் ஒன்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? கடைசிவரை வாய்க்குள் வைத்திருக்கச் சொன்னது? வைக்கவில்லை. கண்டக்டர் கதைக்குள் வருவதற்குள்ளேயே, "இது நம்ம மச்சான்தான், சந்தேகமே இல்லை" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டீர்கள். மச்சானை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கவலைப்படாதீர்கள். கண்டக்டரிடம் இன்னொரு விசில் இருக்கிறது.