மச்சான் விட்டுப்போன வண்டியின் கூரை

கிள்ளான்,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது.

அன்பும் பாசமும் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் மச்சான் பிரையனுக்கு, உன் அக்காள் சூசனைக் கட்டிய ரபேல் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அக்காளும் சுகம். பெர்த்தில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். ஒழுகாத கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை?

நீ ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிய அன்று, உன் மோட்டார்ஹோமை எங்கள் வாசலில் நிறுத்தி, "அத்தான், படுக்க இடம் இருக்கு, அடுப்பு இருக்கு, டாய்லெட் இருக்கு. ரிடையர் ஆன ஆளுக்கு வேற என்ன லா வேணும்?" என்று சாவியைக் கையில் திணித்தாய். முப்பது வயது வண்டி என்று தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன். ரயில்வேயில் முப்பத்தொரு வருடம் சிக்னல் பார்த்தவன் நான். எல்லாரும் ஊருக்குப் போகும் நாளில்தான் எனக்கு டியூட்டி. உன் அக்காளை ஒரு திருவிழாவுக்குக்கூட வெளியூர் கூட்டிப்போனதில்லை. இந்த ஜூலையில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு இதே வண்டியில் போகிறோம் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் வண்டி ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டியிருந்தாள்.

ஒத்திகையாகப் போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனோம். நாலு மணிக்கு மழை பிடித்தது. முதல் சொட்டு அவள் தலையணையில், இரண்டாவது அவள் பிடரியில், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நண்டுக் குழம்பில். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, "நீங்க ஓட்டிக்கிட்டு வாங்க, நான் கிராப் டாக்சியில போறேன். இந்தக் கூரை ஒழுகாம நிக்கிற வரைக்கும் நான் ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே கிள்ளானுக்குக் கிராப்பில் போய்விட்டாள். நான் ஹார்ட்வேர் கடையில் வெள்ளை சிலிக்கோன் வாங்கி வந்து, சொட்டிய இடத்துக்கு நேர் மேலே பூசினேன். அடுத்த மழைக்கு ஒரு கஜம் தள்ளிச் சொட்டியது. அங்கேயும் பூசினேன், இன்னும் தள்ளிப் போனது. ஐந்து டியூப் தீர்ந்தபோது கூரை கல்யாணக் கேக் போலிருந்தது, தண்ணீர் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சிவநேசன், வடிகால் இலாகாவில் ஓய்வு பெற்றவர், வேலியைத் தாண்டி வந்தார். "அண்ணே, தண்ணி உள்ள வர்ற எடம் வேற, சொட்டுற எடம் வேற. நடுவுல பலகைக்குள்ள ஒளிஞ்சு ஓடும்" என்றார். சரியான பேச்சு. அதோடு நிறுத்தியிருந்தால் மனிதருக்கு மெழுகுத்திரி ஏற்றியிருப்பேன். ஆனால் நம் ஆட்களுக்கு ஓர் ஓட்டை கிடைத்தால் அடைப்பார்களா? சங்கம் அல்லவா வைப்பார்கள்! கூரைக் குழு உதயமானது. சிவநேசன் தலைவர், எதிர்வீட்டுச் சுகுமாறன் செயலாளர், வண்டிக்குச் சொந்தக்காரனான நான் சாதாரண உறுப்பினர். எங்கள் வாசலில் கூடினார்கள், நாசி லெமாக் சாப்பிட்டார்கள், ஏணியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஏணியில் மட்டும் ஒருவரும் ஏறவில்லை. மூன்றாவது கூட்டத்தில் தலைவர் தார் பூச வேண்டும் என்றார், செயலாளர் அலுமினியப் பட்டை ஒட்ட வேண்டும் என்றார். குழு உடைந்தது. இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் கூரைக் குழு இரண்டு. ஒவ்வொன்றும் தான்தான் அசல் என்கிறது, ஒன்றுக்கு ரப்பர் முத்திரைகூட இருக்கிறது.

அடுப்படி ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த உன் அக்காள், இருபத்தெட்டு வருடம் ஆஸ்பத்திரி வார்டை நடத்தியவள், வெளியே வந்தாள். "ஆம்பளைங்க பேசி முடிச்சாச்சா? சைக்கிள் டியூப்ல ஓட்டைய எப்படிக் கண்டுபிடிப்பான்? காத்தடிச்சுத்தானே?" புல் வெட்டும் தனேஷிடம் இலை ஊதும் மெஷினைக் கேட்டு வாங்கினாள். ஜன்னலையும் இடுக்கையும் டேப் போட்டு அடைத்து, ஒரு ஜன்னல் வழியாக மெஷினின் வாயை உள்ளே விட்டு ஊதச் சொன்னாள். பிறகு சோப்புத் தண்ணீர் வாளியோடு, அறுபத்தொரு வயதில், தானே ஏணியில் ஏறினாள். கூரையில் தேய்த்ததும் காற்றோட்டத் திறப்பின் ஓரத்தில் கடுகு கடுகாக நுரை கிளம்பியது. முன்பக்க இணைப்பிலும் அப்படியே. ஆனால் நட்ட நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு குமிழி! தேசிய தினத்துக்குக் கொடி கட்ட நீ திருகாணி அடித்த நாலு துளை. கொடிக்கம்பத்தைக் கழற்றிய பிறகு அவற்றை எதை வைத்து அடைத்திருந்தாய்? சுயிங்கம், மச்சான். சுயிங்கம்! அக்காள் இடுக்கியால் எடுத்து முகர்ந்து பார்த்து, மேலிருந்தே "மிண்ட்டு" என்று அறிவித்தாள்.

என் சிலிக்கோனைச் சுரண்டவே இரண்டு நாள் ஆனது. பழையதன் மேல் புதியது ஒட்டாதாம். துடைத்து, காயவைத்து, பிசின் பட்டை ஒட்டி, அதன்மேல் வண்டிக் கூரைக்கென்றே விற்கும் பசையை ஊற்றினாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு மணி நேரம் கூரைமேல் ஹோஸ் தண்ணீர் அடித்தேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. "அப்ப திருவிழாவுக்கு...?" என்று இழுத்தேன். "ஹோஸ் தண்ணி மழையா? நெசமான மழை பெய்யட்டும், பார்க்கலாம்" என்றாள். அன்றிலிருந்து பத்தொன்பது நாள் கிள்ளானில் மழை இல்லை! கூரை ஒழுகாததற்குத் தாங்களே காரணம் என்று இரண்டு குழுவும் வாட்சாப்பில் அறிக்கை விட்டிருக்கின்றன.

ஆகவே குடும்பத் தலைவன் என்ற முறையில் முடிவெடுத்துவிட்டேன். இந்த வண்டி எனக்கு வேண்டாம். உடனே ஆள் அனுப்பி எடுத்துக்கொள். இது இறுதி முடிவு, மாற்றமில்லை. பிள்ளைகளுக்கு என் ஆசீர். உன் மனைவி கிளாரிசாவை விசாரித்ததாகச் சொல். மாதா உங்களை எல்லா இயற்கைச் சீற்றங்களிலிருந்தும் காப்பாளாக.

இப்படிக்கு,
அத்தான் ரபேல்

பி.கு.: இன்று வியாழன். ஆள் அனுப்பாதே. திங்கள் மத்தியானம் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அக்காள் டார்ச்சோடு வண்டிக்குள் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, "காஞ்சு கெடக்கு" என்றாள். நான் பெட்டி கட்டினேன். அதற்குள் அவள் கோயில் மரியாயின் சேனைச் சபையிலிருக்கும் ஷெர்லியையும் இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டுவிட்டாள். "படுக்கை நாலுதான் இருக்கு. நீங்க குறட்டை விடுவீங்க, வீட்டப் பாத்துக்குங்க." இன்று காலை ஆறு மணிக்கு அவளே ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். வழியில் தைப்பிங்கில் பேய்மழையாம், உள்ளே பொட்டு ஈரம் இல்லையாம். போன் போட்டுச் சிரிக்கிறாள். வாக்குக் கொடுத்தவன் நான். திருவிழாவில் அவள் பக்கத்தில் ஒரு தடவையாவது நிற்க வேண்டாமா? வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டேன், அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. எழுத்து அங்கங்கே கலைந்திருந்தால் கண்ணீர் என்று நினைத்துவிடாதே. தலைக்கு மேலே பஸ்ஸின் ஏர்கோன் சொட்டுகிறது.