கழுதை தொடாத உப்பு

எனக்கு உற்சாகம் வந்துவிட்டால் காது கேட்காது. இதை ஒரு வியாதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வைத்தியரிடம் காட்டியாகிவிட்டது, இரண்டு காதும் நன்றாகத்தான் இருக்கின்றன. (உம்மாவின் மனம் ஆறட்டும் என்றுதான் காட்டினோம். ஆறவில்லை.) மண்டைக்குள் ஒரு புது யோசனை புகுந்துவிட்டால் வெளியிலிருந்து வேறெதுவும் உள்ளே போவதில்லை, அவ்வளவுதான். இந்தக் குறையால் நான் தவறவிட்ட பஸ்களும் கருக்கிய கறிகளும் ஏராளம். ஆனால் ஓர் அரச அலுவலரின் வயிற்றையும் என் ஆசிரியத் தொழிலையும் ஒரே காலையில் ஆபத்தில் மாட்டிவிட்டது ஒரே ஒரு தடவைதான்.

கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்தபின் மூன்றாம் வருடம் எங்களை ஏதாவதொரு பாடசாலைக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எனக்குக் கிடைத்தது கற்பிட்டி வீதியில், கடல்நீர் புகும் களப்புக்கும் உப்பளங்களுக்கும் நடுவே இருந்த ஒரு சின்னப் பாடசாலை. மூன்றாம் ஆண்டு வகுப்பு, இருபத்தாறு பிள்ளைகள். வருடக் கடைசியில் மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து ஒரு பாடத்தை முழுக்க இருந்து பார்ப்பார். அவர் போடும் புள்ளியில் தேறினால் நியமனம். தவறினால் கூடப் படித்தவர்கள் எல்லாரும் டீச்சர்மாராகிச் சம்பளம் எடுக்க, நான் இன்னொரு வருடம் பயிற்சிப் பிள்ளையாகவே இருக்க வேண்டும்.

கல்லூரியில் எங்களுக்கு ஊட்டி வளர்த்த ஒரே மந்திரம், 'பிள்ளை தன் கையால் செய்து கற்க வேண்டும்' என்பது. நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன். என் வகுப்பில் எழுத்துகளைக் களிமண்ணில் உருட்டினோம், கூட்டலைச் சிப்பிகளால் செய்தோம், நீளத்தை அறுந்த வலைக் கயிற்றால் அளந்தோம். பாடசாலை அதிபர் காலையும் மாலையும் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார். "ருஷ்தா டீச்சர், இது வகுப்பா, மீன்வாடியா?" என்று கேட்பார். நான் சிரிப்பேன். (அவர் கேட்டது பாதிதான் காதில் விழுந்திருக்கும்.)

மதிப்பீட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போதுதான் அந்த மகத்தான யோசனை வந்தது. பஸ் ஜன்னலுக்கு வெளியே உப்புக் குவியல்கள் வெயிலில் பளபளத்தன. நாம் ஏன் வகுப்பிலேயே உப்பு விளைவிக்கக் கூடாது? களப்புத் தண்ணீரை எடுத்து, காயவைத்து, உப்பாக்கி, அதே உப்பைப் போட்டு மாங்காய் அச்சாறு செய்து, மதிப்பீட்டாளரின் வாயிலேயே ஊட்டிவிட்டால் யார்தான் புள்ளி குறைப்பார்? பஸ்ஸில் இருந்தபடியே பாடத்துக்குப் பெயரும் வைத்துவிட்டேன்: 'களப்பிலிருந்து நாக்குக்கு.' சந்தோஷத்தில் இறங்க வேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டி இரண்டு மைல் போய்விட்டேன்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நான் தென்னந்தோப்புகள் சூழ்ந்த கனமூலை ஊர்க்காரி. எங்கள் வீட்டில் மிளகாயைப் பற்றிக் கேட்டால் சொல்வோம், தேங்காயைப் பற்றிக் கேட்டால் விடிய விடியச் சொல்வோம். உப்பு என்பது எங்களுக்குக் கடையில் பாக்கெட்டில் வரும் ஒரு சாமான். என் வகுப்பிலோ இருபத்தாறில் இருபது பேரின் வீட்டிலாவது ஒருவர் உப்பளத்துக்குப் போகிறவர். இந்த இரண்டு விஷயங்களையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைபேசியில் மூன்று வீடியோ பார்த்தேன், பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் படித்தேன், நிபுணியாகிவிட்டேன்.

பிள்ளைகள் துள்ளிக் குதித்தார்கள். பாடசாலைக்குப் பின்னால் பலகையடித்து நான்கு சின்னப் பாத்திகள் கட்டினோம், உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்தோம், வரிசையாக வாளி கைமாற்றிக் களப்புத் தண்ணீர் நிரப்பினோம். தண்ணீர் வற்ற வற்ற மேலும் மேலும் ஊற்றினோம். ஐந்தாம் நாள் ஓரத்தில் வெள்ளையாக மினுங்கியபோது நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு வெளியே ஓடி வந்தது.

முதல் வரிசையில் இருந்த ஸப்ரினாதான் முதலில் வாயைத் திறந்தாள். எட்டு வயது, இரட்டைப் பின்னல், கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை. அவளுடைய வாப்பாவுக்குச் சொந்தமாக இரண்டு பாத்தி உண்டு.

"டீச்சர், கடசித் தண்ணிய வெளிய உடணும். எங்கட வாப்பா உட்டுருவார்."

"ஏன் மகள் வீணாக்கணும்? ஒரு சொட்டும் வீண்போகாம எவ்வளவு உப்பு வருதுண்டு நாம நிறுத்துப் பாக்கப் போறமே."

"அது கைக்கும் டீச்சர்."

"கடல் தண்ணி கைக்காது மகள், கரிக்கும்," என்று திருத்தினேன். சொல்வளம் கூட்டிவிட்ட திருப்தியோடு அடுத்த வாளியை ஊற்றினேன்.

எங்களுக்கு இருந்த ஒரே எதிரி கழுதைகள். அந்தப் பக்கம் ஆளில்லாமல் திரியும் கட்டாக்காலிக் கழுதைகளுக்குக் குறைவில்லை. இடைவேளை விட்டதும் நான்கைந்து வந்து பாத்தி ஓரத்தை நக்கும். நான் கழுதைக் காவல் என்று ஒரு குழு அமைத்து, முறை போட்டு, ஆளுக்கொரு தென்னமட்டையும் கொடுத்தேன். மூன்றாம் வாரம் கழுதைகள் வருவது தானாகவே நின்றது. ஒன்று மட்டும், ஒரு காது கிழிந்தது, கடைசித் தடவையாக வந்து பாத்தியை மோந்து பார்த்து, பலமாகத் தும்மி, தலையை உதறிக்கொண்டு போய்விட்டது.

"பாத்தீங்களா," என்றேன் வகுப்பிடம் பெருமையாக. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

உப்பு காயத்தான் மறுத்தது. மேலே கல்லாக இருந்தாலும் அடியில் எண்ணெய் மாதிரி ஒரு தண்ணீர் பிசுபிசுவென்று நின்றது. மதிப்பீட்டுக்கு முதல்நாள், அதையும் விடாமல் வழித்தெடுத்துத் தாச்சியில் போட்டு அடுப்பில் வறுத்தேன். ஸப்ரினா பக்கத்தில் வந்து நின்றாள். "டீச்சர், புது உப்புத் தின்னப்படாது. குவிச்சு, கிடுகு மூடி, மாசக் கணக்குல வெக்கணும். இல்லாட்டி வகுத்தால போகும்."

இந்த வசனம் எனக்கு இன்று சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது. அன்று கேட்டதெல்லாம் 'டீச்சர்' மட்டும்தான். "ஓம் மகள், அந்தக் கரண்டிய எடுங்க," என்றேன்.

மதிப்பீட்டாளர் அஸ்வர் சேர் குருநாகல் பக்கத்துக்காரர். தும்பைப்பூப்போல வெளுத்த தாடி, சிரிக்காத முகம், கையில் புள்ளிப் படிவம். பயத்தில் பாடக்குறிப்பைத் தலைகீழாக நீட்டினேன். ஆனால் பாடம் தொடங்கியதும் பயமெல்லாம் பறந்துவிட்டது. பிள்ளைகள் நிறுத்தார்கள், வரைந்தார்கள், தண்ணீர் எங்கே போனது என்று கை உயர்த்திச் சொன்னார்கள். அவருடைய பேனை ஓடிக்கொண்டே இருந்தது. பின்பு மாங்காயை வெட்டி, காரக் கொச்சிக்காய்த் தூள், விநாகிரி, சீனி எல்லாம் போட்டு, எங்கள் சொந்த உப்பைக் கை தாராளமாகத் தூவி, அச்சாறு பிசைந்து ஒரு பீரிசுத் தட்டில் வைத்து நீட்டினேன்.

சேர் ஒரு துண்டை வாயில் போட்டார். புருவம் ஏறியது.

"கொஞ்சம் கைக்கிறாப்போல..."

"மாங்காத் தோல் சேர்," என்று இன்னும் கொஞ்சம் சீனியும் கொச்சிக்காயும் போட்டுக் கொடுத்தேன். அச்சாறு அவருக்குப் பலவீனம் போலும். அந்தப் பீரிசு முடிந்து இரண்டாவதும் முடிந்தது. துணைக்கு நானும் ஒரு பீரிசு சாப்பிட்டேன். அதிபர் மட்டும் பிரஷர் என்று உப்பை மறுத்துவிட்டார்.

பிள்ளைகளுக்கு நீட்டினால் ஒருவர் கையும் எழவில்லை.

"நான் நோன்பு டீச்சர்," என்றான் ஒருவன். (அது ரமழானும் இல்லை. காலையில் அவன் பணிஸ் தின்றதை நானே கண்டேன்.) ஒருத்திக்குப் பல் வலியில் கொதித்ததாம். ஒருவனுக்கு உம்மா ஏசுவாவாம். மற்ற எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு, பிறகு தின்பதாகச் சொன்னார்கள்.

அஸ்வர் சேரின் முகத்தில் முதன்முதலாகச் சிரிப்பு வந்தது. "விருந்தாளி தின்ற பொறகுதான் புள்ளைகள் தின்னோணும் எண்டு பழக்கிவெச்சீக்கிறீங்க. நல்ல ஒழுக்கம், மிஸ்." படிவத்தில் எதையோ எழுதி, அதன் கீழ் ஒரு கோடும் போட்டார். நான் அடக்கமாகத் தலை குனிந்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து, அதிபரின் அறையில் அவர் என் பாடக்குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். எதிர்க் கதிரையில் நான். முதலில் என் வயிற்றுக்குள் ஒரு லொறி ஸ்டார்ட் ஆனது. பதிலுக்கு அவருடைய வயிற்றிலும் ஒன்று ஆனது. இருவரும் கேட்காததுபோல மேசையைப் பார்த்தோம். பிறகு ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம்.

"ஒரு நிமிஷம், மிஸ்."

"ஒரு நிமிஷம், சேர்."

பெரியவர்களுக்கு அந்தப் பாடசாலையில் ஒரே ஒரு கழிவறை. அதன் சாவி அதிபரின் மேசையில், எது எதற்கென்று தெரியாத ஒரு பெரிய கொத்தில் கிடந்தது. அவர் விருந்தாளி. வயதில் மூத்தவர். என் எதிர்காலத்தைக் கையில் வைத்திருப்பவர். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அந்தக் கொத்தை அள்ளிக்கொண்டு ஓடினேன். தன்னை மதிப்பிட வந்தவரை ஓட்டத்தில் முந்திய பயிற்சி ஆசிரியை இலங்கையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இரண்டாவது சாவியிலேயே கதவு திறந்ததை இன்றுவரை இறைவன் செய்த உதவியாக நினைக்கிறேன்.

உள்ளே இருந்து எல்லாம் கேட்டது. (அன்றுதான் என் காது முதன்முதலாக முழுமையாக வேலை செய்தது.) "மிஸ்... மிஸ்..." என்று சேரின் குரல், வரவர மெலிந்துகொண்டு. பிறகு ஒரு சின்னக் குரல்: "சேர், எங்கட ஊடு ரோட்டுக்கு அங்கால. வாங்க." செருப்புகள் அவசரமாக ஓடும் சத்தம்.

நான் வெளியே வந்தபோது ஆளைக் காணவில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது, படிவம் மேசையில் இருந்தது. ஓரக்கண்ணால்கூடப் பார்க்கத் துணிவு வரவில்லை. வகுப்பு வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். இன்னொரு வருடம் போய்விட்டது, வாப்பாவுக்கு என்ன சொல்வது என்று வாய்விட்டே அழுதேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். நோன்பு என்று சொன்னவன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டினான்.

"நீங்க எல்லாரும் தெரிஞ்சுதானே தின்னல்ல?"

"ஓம் டீச்சர்."

"ஏன் சொல்லல்ல?"

"மூணு தரம் சொன்ன டீச்சர்," என்றான் அவன், குறை சொல்லும் தொனியே இல்லாமல். எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அஸ்வர் சேர் திரும்பி வர முக்கால் மணித்தியாலம் ஆனது. முகம் வெளிறியிருந்தது. ஆனால் கையில் எழுதி நிரப்பிய ஒரு கொப்பித் தாள். ஸப்ரினாவின் உம்மா தேசிக்காய் பிழிந்து பிளேன்டீ கொடுத்திருக்கிறார். அதைக் குடித்துத் தேறும்வரை ஸப்ரினா அவரை முற்றத்தில் தென்னோலைக் கிடுகு மூடிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தண்ணீர் எத்தனை பாத்தி மாறுகிறது, எப்போது கல் விழுகிறது, கடைசிக் கசப்புத் தண்ணீரை ஏன் திறந்துவிடுகிறார்கள், புது உப்பில் ஒட்டியிருக்கும் கசப்பு வடிய ஏன் மாதக்கணக்கில் காக்க வேண்டும் என்று முழுப் பாடமும் எடுத்து முடித்திருக்கிறாள். கேட்டால் மட்டும் பேசுகிற பிள்ளை. அவர் கேட்டிருக்கிறார்.

"நிபந்தனை ஒண்டு ஈக்கி மிஸ்," என்றார் கதிரையில் மெதுவாக உட்கார்ந்து. "நான் போற வரைக்கும் நீங்க அந்தச் சாவிக் கொத்தத் தொடப்படாது."

பிறகு படிவத்தை என் பக்கம் திருப்பினார். பிள்ளைகளின் பங்களிப்புக்கு முழுப்புள்ளி. 'மாணவர்க்குச் செவிமடுத்தல்' என்ற இடத்தில் பெரிய வட்டமாக ஒரு பூச்சியம். ஒழுக்கம் பற்றி எழுதிக் கோடு போட்டிருந்ததை வெட்டியிருந்தார். கடைசியில் குறிப்பு: 'செய்து கற்றல் நடைபெற்றது. ஆசிரியைக்கு விசேடமாக நடைபெற்றது.' கூட்டிப் பார்த்தேன். மயிரிழையில் தேறியிருந்தேன். அதிபர் முன்னால் இருக்கிறார் என்றும் பாராமல் துள்ளினேன். துள்ளியதன் விளைவாக உடனே அந்த நிபந்தனையையும் மீற வேண்டியதாயிற்று.

பயிற்சி முடிந்து விடைபெறும் நாளில் ஸப்ரினா ஒரு பார்சல் தந்தாள். மேலே அவள் கையெழுத்தில், 'இது போன வருச உப்பு. தின்னலாம்' என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் மறுபடி அழுதேன், இந்தத் தடவை நல்ல அழுகை.

வீட்டில் இந்தக் கதையைச் சொன்னதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. என் கலியாண விருந்தில் மாப்பிள்ளை வீட்டார் சஹன் தட்டில் கைவைக்கப் போகும் நேரம் பார்த்து என் அண்ணன், எங்கள் நானா, எழுந்து, "பயப்படாமத் தின்னுங்க, எல்லாம் கழுதைக்குக் காட்டித்தான் கொண்டுவந்த," என்றார். அவர்களுக்கு விளங்கவில்லை. விளக்கினார், முழுவதும், சாவிக் கொத்து உட்பட. அன்றிலிருந்து அந்த வீட்டிலும் எனக்கு விமோசனம் இல்லை.

இப்போது என் மகளுக்கு நாலு வயது. நானா அவளுக்கு வேண்டுமென்றே ஒரு பஞ்சுக் கழுதை வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஒரு காதும் கிழித்து. போன நோன்பில் கஞ்சி இறக்கி வைத்தேன். பாங்கு சொல்லியாயிற்று, பேரீச்சம்பழமும் தின்றாயிற்று. ஆனால் கஞ்சிக் கோப்பையில் ஒருவரும் கை வைக்கவில்லை. மாமி, மச்சான், என் கணவர் எல்லாரும் காத்திருந்தார்கள். மகள் கழுதையைத் தூக்கி வந்து அதன் மூக்கைக் கோப்பைக்கு மேலே பிடித்தாள், கொஞ்ச நேரம் பொறுத்தாள், பிறகு தலையை ஆட்டினாள்.

"தும்மல்ல," என்றாள். "தின்னுங்க."