வட்டானை கட்டிப்போட்ட பந்து

ஒலுவில் துறைமுகத்தில் கல் தூக்குகிற வேலை முடிந்து, தோளில் ஒரு பையோடு வடக்கே நடந்துகொண்டிருந்தபோதுதான் வட்டானையைச் சந்தித்தேன். பந்து கூடைக்குள் விழுந்தால் முகம் சுளிக்கிற கூடைப்பந்துப் பயிற்சியாளர் இந்த உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

வட்டானை என்பது பெயரல்ல, தொழில். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட வேண்டும். பயிருக்குள் இறங்குகிற மாட்டைப் பிடித்துக் கட்டி, உடையவன் வந்து கெஞ்சும்வரை அவிழ்க்காமல் வைத்திருக்க வேண்டும். சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோனதாக ஊரில் பேச்சு.

சண்டை முடிந்த வருசம் அது. கல்முனைக்குக் கிட்ட ஒரு கல்லூரியில், சுனாமிக்குப் பிறகு வந்த உதவிக்காரர்கள் கூடைப்பந்துத் திடல் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஊர் கேட்டது கிணறு. வீடு போன எனக்கு அதே காலத்தில் கிடைத்தது ஒரு கம்பளிக் கோட்டு. ஆகவே நான் ஆச்சரியப்படவில்லை.

திடலின் இளஞ்சூட்டில் மாடுகள் படுத்துக் கிடந்தன. வட்டானை கம்போடு விரட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒன்று நேரே என்மேல் வந்தது. நான் இடப்பக்கம் போவதுபோல் காட்டி வலப்பக்கம் பாய்ந்தேன்.

"டேய், ஆருடா நீ? நாம்பனை விட நல்லாப் பாயிறாய்!"

"வேலை தேடிப் போறன் காக்கா" என்றேன். அந்தப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

"வேலை இஞ்சயே இரிக்கி. பின்னேரத்தில பொடியனுகள்ற நடுவால பாயணும். சோறு தாறன்."

விளையாட்டு ஆசிரியர் மாற்றலாகிப் போனபின், மாடு விரட்ட வந்தவரே பயிற்சியாளராகிவிட்டிருந்தார். அன்றிலிருந்து என் பெயர் நாம்பன், அதாவது இளங்காளை. தலையைக் குனிந்து, தோளைச் சரித்து நான் பாய்வேன், பையன்கள் மறிப்பார்கள். ஐந்து முழங்கைகள் என் விலாவில் இறங்கும்.

"பந்தப் பாக்காத, இடுப்பப் பாரு! மாடு கண்ணால ஏமாத்தும், இடுப்பால ஏமாத்த ஏலா!"

கூடைக்கு எறிந்து பழக ஆசைப்பட்டவனுக்குத் தண்டனை, திடலைச் சுற்றி ஓட்டம். பொறுக்கமுடியாமல் ஒருநாள் கேட்டேன்.

"காக்கா, பந்து விழாட்டி வெல்ல ஏலாதே?"

"நம்மட பக்கம் விழாட்டித் தோக்கவும் ஏலா. போய்ப் பாயி."

இந்த நேரத்தில் அறுவடை வந்தது. கல்லூரிச் சங்கத்தின் தலைவர் ஒரு போடியார். ஊரில் பாதி வயல் அவருடையது. திடலைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"நல்ல சீமெந்து நிலம், சும்மா கிடக்கு. இனி இதில நெல்லக் காயப் போடுவம்."

கல்லூரி அதிபர் கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணை வாங்கினார். மாகாணக் கூடைப்பந்துக் கிண்ணம் வந்தால் திடல் பையன்களுக்கு, வராவிட்டால் நெல்லுக்கு. வட்டானை சங்கக் கூட்டத்தில் எழுந்து, "பொடியனுகள் தோத்தா, நானே கூட்டித் துடைச்சித் தாறன்" என்றார். அன்று சோற்றில் கைவைத்தவர் அளைந்துகொண்டே இருந்தார், உண்ணவில்லை.

எங்கள் விளையாட்டு இப்படித்தான்: பையன்கள் மறித்துப் பந்தைப் பறிப்பார்கள். பறித்ததும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். பிடித்த மாட்டைக் கட்டிவைப்பதுதானே முறை! எதிரணிக்கு ஆத்திரம் வந்து இடிக்கும். தண்டனை எறிதல் எங்களுக்குக் கிடைக்கும். அந்த இனாம் புள்ளிகளிலேயே இறுதிப்போட்டிவரை போய்விட்டோம்.

இறுதியில் மட்டக்களப்புப் பக்கத்து அணி ஒன்று. நெடுநெடுவென்று வளர்ந்த, கோபமே வராத பையன்கள். நாங்கள் பந்தைக் கட்டிப்பிடித்தால் அவர்கள் இடுப்பில் கைவைத்துச் சிரித்தார்கள். நேரம் கடந்துவிட்டதென்று நடுவர் விசில் ஊதிப் பந்தைப் பிடுங்கி அவர்களிடம் கொடுத்தார். மறுபடி பறித்தோம், மறுபடி கட்டிப்பிடித்தோம், மறுபடி விசில். கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி பின்னால் நின்றோம்.

போடியார் பின்வரிசையில் இருந்து கூவினார்: "வட்டானை, நெல்லுச் சாக்கு எத்தின கொண்டர?"

வட்டானை திடலின் கோடுவரை ஓடி வந்தார். எங்கள் அணியின் மிகக் குள்ளமான பையன் அப்போதுதான் பந்தைப் பறித்து அணைத்துக்கொண்டு, உத்தரவுக்காக இவர் முகத்தைப் பார்த்தான். இவர் தொண்டை கிழியக் கத்தினார்:

"கட்டினது காணும்டா, போதும்! அவுத்து உடு!"

அவன் தலையைக் குனிந்தான், தோளைச் சரித்தான். என்னைத் தவிர அவன் வேறு எவரும் பாய்ந்து பார்த்ததில்லை! நெடியவர்களின் நடுவே நாம்பனாய்ப் போனான். வட்டானை கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"விழுந்திச்சா?"

"விழுந்திச்சு காக்கா!"

"மறுகா என்னத்துக்கு ஆடுறானுகள்? திரும்பி ஓடி மறிக்கச் சொல்லு!"

மறித்தார்கள். மணி அடித்தது. பையன்கள் அவரைத் தூக்க வந்தபோது, அவர் வேர்வையைத் துடைப்பதுபோல் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார், நெடுநேரம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். கல்லூரி வாசலில் போடியாரின் உழவு இயந்திரம் ஈர நெல்லோடு நின்றது, பக்கத்தில் போடியார்.

"இப்ப நெல்ல எங்க காயப் போடுற, கிண்ணத்துக்குள்ளயா?"

"றோட்டுக் கரையில போடுங்க போடியார். ஆடு மாடு வராமப் பாக்க ஆளிரிக்கி" என்று வட்டானை என் பையைக் கழற்றி, நெல் மூட்டையின் மேல் வைத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெயில் ஏறுமுன் நான் நெற்காவல்காரன் ஆகியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் வட்டானை இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினார். நான் கால்வைத்த ஊர்களில் "எப்ப போற?" என்று கேட்காத முதல் ஆள் அவர்தான்.