நான் அழித்த நான்கு செட்

என் பதினெட்டு வருட உத்தியோகத்தில் நான் எடுத்த ஒரே வீரமான முடிவு, ஒரு வார்த்தையை நான்கு இடங்களில் அழித்தது. அதன் பலனாக இப்போது டயர் கிடங்கில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே ஜன்னல் கிடையாது. பேச்சுத் துணைக்கு முன்னூறு டயர்கள். எல்லாமே தேய்ந்தவை, என்னைப் போல.

அதற்கு முன் மாடியில், தனியார் பஸ் கம்பெனி ஆபீசில் இருந்தேன். பஸ் டிரைவர்களுக்கு வாராவாரம் டியூட்டி லிஸ்ட் போடும் குமாஸ்தா. புதிதாக வந்த மேனேஜர் ஒரு நாள் அறிவித்தார்.

"இனிமே லிஸ்டை எக்செல்ல மேக்ரோ எழுதித்தான் போடணும். திங்கக்கிழமை எனக்கு ஓட்டிக் காட்டுங்க. முடியாதுன்னா கீழ டயர் கிடங்கு காலியா இருக்கு."

மேக்ரோ என்றால், நம் வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி எழுதிவைக்கும் கட்டளைகள். எனக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்தவள். அவள் செய்த ஒரே தப்பு என்னைக் கட்டிக்கொண்டதுதான். வாஷிங் மெஷின் ஒரு சுற்று முடிப்பதற்குள் மேக்ரோவை எழுதி முடித்தாள்.

"என்ன இது, சில வரியில 'செட்'னு இருக்கு, சில வரியில இல்ல?"

"எண்ணு, பேரு மாதிரி சாதா விஷயத்துக்கு வெறும் சமக்குறி போதுங்க. ஷீட்டு, கட்டம் மாதிரி பொருளைப் பிடிக்கணும்னா முன்னாடி செட் போடணும்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இப்ப மணி ஒன்பது. அதைச் சீட்டுல எழுதி வச்சா, எப்பப் பாத்தாலும் ஒன்பதுதான். அது சாதா. கடிகாரத்தையே கையில பிடிச்சிருந்தா, மணி மாற மாறத் தெரியும். அது செட்."

"புரிஞ்சிடுச்சு."

"புரியலன்னு மூஞ்சியே சொல்லுது. ஒண்ணு மட்டும் செய்யுங்க. எதையும் தொடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போனாள். நான் மேக்ரோவோடு தனியாக இருந்தேன். மேனேஜர் 'செட் எதுக்கு?' என்று கேட்டால் என்ன சொல்வது? அப்போதுதான் மூளை வேலை செய்தது. புரியாததை அழித்துவிட்டால் கேள்வியே வராதே! நான்கையும் அழித்தேன். வரிகள் எல்லாம் ஒரே மாதிரி, பார்க்க அம்சமாக இருந்தன. ஓட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

திங்கட்கிழமை மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். பட்டனை அமுக்கினேன். லிஸ்ட் வரவில்லை. திரை நடுவில் ஒரு பெட்டி வந்தது. மேனேஜர் அதைச் சத்தமாகப் படித்தார்.

"செட்டை யாரோ எடுத்துவிட்டார்கள். என் கணவராகத்தான் இருக்கும். சரிசெய்ய அழைக்கவும்."

கீழே என் மனைவியின் நம்பர். மேனேஜர் உடனே அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"வணக்கம் சார். எத்தனை செட் போயிருக்கு?"

"ஒண்ணுகூட மிச்சமில்லம்மா."

"எல்லாமேவா? ரெண்டுதான் எடுப்பார்னு நினைச்சேன்."

அவள் சொல்லச் சொல்ல மேனேஜரே தட்டினார். நாலு நிமிஷத்தில் லிஸ்ட் வந்துவிட்டது.

"நீங்க எங்கம்மா வேலை பாக்குறீங்க?"

"வீட்டுலதான் சார். நாளைக்கே வரட்டுமா?"

சாயங்காலம் வீட்டில் குதித்தேன்.

"என்னை மாட்டிவிட்டுட்டியே!"

"தொடாம இருந்திருந்தா அந்தப் பெட்டியே வந்திருக்காதுங்க."

"தொடாதன்னா தொடுவேன்னு உனக்குத் தெரியாதா?"

"பதினாலு வருஷமாத் தெரியுமே."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்ன?"

அவள் வேலைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம். பதினாலு வருஷத்தில், 'மறுபடி வேலைக்குப் போறியா?' என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை.

இப்போது அவள் மாடியில், என் நாற்காலியில், ஜன்னலோரம். வீட்டு வேலைக்கும் எக்செல்லில் லிஸ்ட் போட்டு, அதற்கும் மேக்ரோ எழுதிவிட்டாள். பாத்திரம், துணி, பெருக்குவது, துடைப்பது எல்லாம் தானாகவே என் பேருக்கு வந்து விழுகின்றன.

நேற்று அந்த மேக்ரோவைத் திறந்து பார்த்தேன், தொடாமல். ஷீட்டுக்கு செட் போட்டிருக்கிறாள். கட்டத்துக்கு செட் போட்டிருக்கிறாள். என் பேர் வருகிற வரியில் மட்டும் வெறும் சமக்குறி, சீட்டில் எழுதி வைத்த ஒன்பது மணி மாதிரி.