துரையின் காலுக்கு ஒன்றுமில்லை

என் பெருமதிப்புக்குரிய சித்தப்பா அவர்களுக்கு, அண்ணன் மகன் வணக்கம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அப்பா அம்மாவும் சுகம். அங்கே நீங்களும் சித்தியும் சுகமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். குதிரை லாயத்து மாஸ்டர் அனுப்பிய விற்பனைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பாதி போட்டிருந்தால் மீதியைப் போடாதீர்கள். இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் மாஸ்டரைப் பற்றி நான் வாயைத் திறந்தாலே உங்களுக்கு லைன் சரியாகக் கேட்பதில்லை. சித்தியிடம் சொன்னால், "உங்க சித்தப்பா என்னைச் சந்தேகப்பட்டாலும் படுவாரு, அந்த மனுசனைப் படமாட்டாருடா" என்கிறார். அதனால்தான் கடிதம். கடிதத்துக்குச் சிக்னல் போகாது.

நீங்கள் சொல்லித்தான் நான் லாயத்துக்குப் போனேன். "துரையை வித்துடப் போறேன்டா. கால் இனிமே சரியாகாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு. யாரோ ஒரு புண்ணியவான், தோட்டத்துல சும்மா நிறுத்தி வச்சுக்கறேன்னு கேக்கறாராம். எனக்கு நேர்ல போய்ப் பார்க்கத் தெம்பில்ல. நீ போய் ஒரு கேரட் கொடுத்துத் தடவிட்டு வா" என்று தழுதழுத்தீர்கள். எனக்கே பாவமாக இருந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர்களின் கடைவாய்ப் பல்லைக் குனிந்து குனிந்து பார்த்தே முதுகு வளைந்த மனுஷன், ஓய்வுபெற்ற பிறகாவது நிமிர்ந்து உட்காரலாம் என்று ஒரு குதிரை வாங்கினார். அதன்மேல் ஒரு தடவைகூட ஏறவில்லை. முதலில், பழக்கி முடியட்டும் என்றார் மாஸ்டர். பழக்கி முடிந்ததும் கால் போய்விட்டது என்றார். பழக்காத குதிரைக்குப் போகாத கால் பழக்கியதும் ஏன் போகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கேட்டேன். உங்கள் காதில் விழவில்லை, லைன் அப்படி.

லாயத்தில் மாஸ்டர் என்னை மாப்பிள்ளை மாதிரி வரவேற்றார். முழங்கால்வரை பூட்ஸ், அதில் என் முகம் தெரிகிறது. பேசும்போது வலது கையை நெஞ்சில் வைத்துக்கொள்கிறார். கையை எடுத்த பிறகு சொல்வதை மட்டும் நம்புவோம் என்று காத்திருந்தேன். எடுக்கவே இல்லை. என்னைக் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். அரைகுறை வெளிச்சத்தில் ஒரு பழுப்புக் குதிரை, நெற்றியில் வெள்ளைத் திட்டு. நீங்கள் வாராவாரம் எனக்கு அனுப்பிவைத்து மூக்கைச் சிந்துகிற அதே வீடியோ முகம். நடத்திக் காட்டச் சொன்னேன். சித்தப்பா, எனக்குக் குதிரை தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பம்பு, மோட்டார், பேரிங். ஆனால் சுற்றுகிற, நடக்கிற எதுவும் கெட்டுப்போனால் ஒரு கணக்கில்தான் ஆடும். அந்தக் குதிரையின் இடது முன்கால் தரையில் படும்போதெல்லாம் தலை மேலே எகிறியது. வலிக்கிற காலில் பாரம் விழாமலிருக்கத் தலையைத் தூக்கிக்கொள்கிறது. நடிப்பு இல்லை, அசல் நொண்டி. அந்த அளவுக்கு மாஸ்டர் யோக்கியர்தான்.

"பார்த்தீங்களா தம்பி? என் பிள்ளை மாதிரி பார்த்துக்கறேன். ஆனா கால் கேக்க மாட்டேங்குது" என்றார், கை நெஞ்சில்.

நான் கேரட்டைக் கொடுத்தேன். தின்றது. உங்கள் ஆணைப்படி நெற்றியைத் தடவினேன். வெள்ளைத் திட்டில் பாதி என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

"மாஸ்டர், கையில ஒட்டுதே?"

"பவுடர் தம்பி. ஈ மொய்க்காம இருக்கப் போட்டது."

"ஈ நெத்தியில மட்டும்தான் மொய்க்குமா?"

"முக்கியமான ஈயெல்லாம் அங்கதான் வரும்."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் பொறியியல் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வருகிறேன், அதே அறை வாசலில், அதே குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் அழுதுகொண்டிருக்கிறார். நெற்றியில் திட்டையே காணோம். மாஸ்டர் ஒரு ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறார். அந்த அம்மாள் மருந்துக்கடை வைத்திருப்பவராம். "பவளம், என் கண்ணு, அம்மா வந்திருக்கேன் பாரு" என்கிறார். "அம்மா, இது எங்க சித்தப்பா குதிரை, பேரு துரை" என்றேன். "என்ன தம்பி உளர்றீங்க? என் பவளத்தை எனக்குத் தெரியாதா? வாராவாரம் வீடியோவுல பார்த்து அழறேனே" என்றார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரியும். "உங்க பவளம் ஆணா, பொண்ணா?" என்றேன். "பொண்ணு." "அப்ப கொஞ்சம் குனிஞ்சு பாருங்க." குனிந்தார். நிமிர்ந்தார். மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் அசரவில்லை. "வலி ரொம்ப அதிகமானா உடம்புல சில மாற்றமெல்லாம் வரும்மா" என்றார். "நான் மருந்துக்கடை வச்சிருக்கேன்யா!" என்று அந்த அம்மாள் போட்ட சத்தத்தில் நொண்டிக் குதிரையே ரெண்டடி நேராக நடந்தது.

உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். லாயத்தில் நிஜமாக நொண்டுவது அந்த ஒரே ஒரு குதிரைதான். அது மாஸ்டருக்குச் சொந்தம். பழுப்புக் குதிரை வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் அதைத்தான் உங்கள் குதிரை என்று காட்டுகிறார். வெள்ளைத் திட்டு வேண்டுமென்றால் பூசுவார், வேண்டாமென்றால் துடைப்பார். வீடியோ எப்போதும் முன்பக்கத்திலிருந்துதான் எடுப்பார், பக்கவாட்டில் எடுத்தால் பவளம் மாதிரி சிக்கல் வரும். அசல் குதிரைகள் எங்கே என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். கை நெஞ்சிலிருந்து இறங்குவதற்குள் நானே பின்பக்க மைதானத்துக்குப் போய்விட்டேன். அங்கே ஒரு கல்லூரிப் பெண் உங்கள் துரைமேல் உட்கார்ந்து கட்டைகளைத் தாண்டிக்கொண்டிருந்தாள். தாண்டல் என்றால் அப்படியொரு தாண்டல். நான்கு காலும் ஒன்றாக எழும்பி, ஒரு கட்டையும் அசையாமல், இறங்கினால் சத்தமே இல்லை. என் தொழிற்சாலையில் ஒரு மோட்டார்கூட அவ்வளவு சுத்தமாக ஓடாது. நிறுத்தச் சொல்லி, கைக்குட்டையை நனைத்து நெற்றித் திட்டை அழுத்தித் தேய்த்தேன். போகவில்லை.

"சார், எதுக்குக் குதிரைக்கு முகம் கழுவுறீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"இதோட பேரு என்னம்மா?"

"சுல்தான். எங்க மாஸ்டரோட மச்சான் இந்த வாரம் வாங்கிடுவாராம் சார். அப்புறம் போட்டிக்கெல்லாம் நான்தான் ஓட்டப்போறேன். யாரோ ஒரு பல் டாக்டர் கையெழுத்துப் போடணுமாம், அதுக்குத்தான் வெயிட்டிங்."

தோட்டத்தில் சும்மா நிறுத்திவைத்துக்கொள்ளப் போகிற புண்ணியவான் யாரென்று தெரிந்ததா சித்தப்பா?

நேராக மாஸ்டரிடம் போய், "நீங்க பண்றது பச்சை மோசடி" என்றேன். மூஞ்சிக்கு நேராக. அந்த ஆள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "உட்காருங்க தம்பி" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உங்க சித்தப்பா குதிரை வாங்கினாரு. வாங்கினப்புறம் வந்து பார்த்தாரா? இல்ல. அவருக்குக் குதிரை வேணுமா, குதிரை இருக்குன்னு சொல்லிக்கணுமா? நல்லா இருக்கான்னு நான் சொன்ன மாசமெல்லாம் ஒரு போன் கிடையாது. கால் வலின்னதும் தினமும் பேசறாரு. நான் அவருக்கு ஒரு பாசத்தைக் கொடுத்திருக்கேன் தம்பி. இந்தத் தொழிலே நம்பிக்கையிலதான் ஓடுது." நான் சொன்னேன்: "ஓடறது எங்க சித்தப்பா குதிரை. நொண்டறதுதான் உங்க நம்பிக்கை." இந்த ஒரு வசனத்துக்காகவாவது நீங்கள் என்னைப் பாராட்ட வேண்டும். மாஸ்டர்கூடத் தலையாட்டினார். மருந்துக்கடை அம்மாளோ வாதமே பண்ணவில்லை. பின்னாலிருந்து பவளத்தைக் கண்டுபிடித்து, கயிற்றைப் பிடித்து, ரோட்டில் நடத்தியே கூட்டிப்போய்க் கடை வாசலில் கட்டிவிட்டார். மாத்திரை வாங்க வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்களாம். அவர் கடை பக்கத்துத் தெரு. உங்கள் வீடு வெளியூர், இல்லாவிட்டால் நானும் அன்றைக்கே நடத்திக்கொண்டு வந்திருப்பேன்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன், உங்களைக் கேட்கப் போவதில்லை. நாளைக் காலையில் லாரியோடு போய்த் துரையை ஏற்றி உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். லாரியின் உட்புறத்தை அளந்தாயிற்று. ஏற்றுகிற சாய்வுப் பலகைக்குச் சரியான கோணம் கணக்குப் போட்டு, கால் வழுக்காமலிருக்க ரப்பர் பாய் ஒட்டியாயிற்று. திருப்பங்களில் குதிரை சாயாமலிருக்க இரண்டு பக்கமும் மெத்தை கட்டச் சொல்லியிருக்கிறேன். இதில் தப்பு நடக்க இடமே கிடையாது. நீங்கள் செய்யவேண்டியது இவ்வளவுதான். விற்பனைத் தாளைக் கிழித்துப் போடுங்கள். கார் ஷெட்டில் காரைத் தவிர நீங்கள் சேர்த்துவைத்திருக்கிற எல்லாவற்றையும், அந்தப் பழைய பல் பிடுங்கும் நாற்காலி உட்பட, வெளியே எடுத்துப் போடுங்கள். காரையும் எடுத்துவிடுங்கள். அந்த மாஸ்டருடைய போனை எடுக்காதீர்கள். அவர் கையிலிருந்து எதையும் வாங்காதீர்கள். எந்தக் காரணத்துக்காகவும், காலில் விழுந்தாலும், அந்த ஆளை உங்கள் வாசல்படி ஏறவிடாதீர்கள். அப்புறம், தயவுசெய்து, குதிரை வந்த அன்றைக்கே ஏறி உட்காருங்கள். பழக்கி முடியட்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நானே சொன்னாலும்.

சித்திக்கு என் அன்பையும், கார் ஷெட்டைப் பற்றி என் வருத்தத்தையும் சொல்லவும். உங்கள் முதுகு நேராக, துரையின் கால் நீடூழி நேராக, எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் அண்ணன் மகன்.

பி.கு.: இதைத் தபாலில் போடாமல் சட்டைப்பையில் வைத்தபடியே லாயத்துக்குப் போனேன். லாரி சரி. கோணம் சரி. ரப்பர் பாய் சரி. துரை பலகையில் ஒரு காலை வைத்தான், திரும்பிப் பார்த்தான், நின்றுவிட்டான். இழுத்தோம், தள்ளினோம், லாரி டிரைவர் கெஞ்சினார், நான் திட்டினேன். மாஸ்டர் தூணில் சாய்ந்துகொண்டு, "அவன் தனியா ஏற மாட்டான் தம்பி. பக்கத்து அறைக்காரன் இல்லாம தண்ணிகூடக் குடிக்க மாட்டான்" என்றார். நம்பவில்லை. வெயில் ஏறுகிறவரை நம்பாமலேயே இருந்தேன். கடைசியில் நொண்டியை முன்னால் ஏற்றினார், துரை வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டான். இது குதிரையின் குணமா, மாஸ்டர் பழக்கிய வித்தையா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆனால் நொண்டியைச் சும்மா தர முடியாது என்றுவிட்டார். உங்கள் பெயரில் வாங்கியிருக்கிறேன். வண்டி கிளம்பியதும் இரண்டும் சேர்ந்து லாரியை உதைத்ததில் ஒரு பக்கப் பலகை பிளந்துவிட்டது. தெரிந்த குரல் கேட்டால்தான் அடங்குமாம். மாஸ்டர் ஏறி உட்கார்ந்து ஏதோ சொன்னார், அடங்கின. ஆகவே அவரும் வருகிறார். புது இடம் பழகும்வரை ஒரு மாதமாவது கூடவே இருக்க வேண்டுமாம். மாடி அறையை ஒழித்து வையுங்கள். சாப்பாட்டில் காரம் ஆகாதாம். எனக்கு இன்றைக்கு ஷிப்ட் இருப்பதால் கூட வர முடியவில்லை. தபாலைவிட லாரி சீக்கிரம் வந்துவிடும் என்பதால் இந்தக் கடிதத்தையும் மாஸ்டர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். வழியில் பிரித்துப் படிக்க மாட்டார் என்று நம்புகிறேன்.